மங்கோலியன் பார்பிக்யூ

உண்பவர் தாமே தேர்ந்து கிண்ணத்தில் நிரப்பிய மெல்லிய இறைச்சித் துண்டங்கள், காய்கறிகள், நூடுல்ஸ், சாஸ் வகைகள் ஆகியவற்றை, அவர் கண்ணெதிரிலேயே அகன்ற வட்ட இரும்புக்கல்லில் கொட்டி, நீண்ட கோல்களால் புரட்டிச் சில நிமிஷங்களில் வறுத்தளிக்கும் போஜன முறை. பெயர் மங்கோலியாவுடையதாயினும் ஜன்மபூமி தைவானே. பீஜிங்கில் பிறந்து தைப்பேயில் குடியேறிய ஹாஸ்யக் கலைஞர் வூ சாவ்நான், 1951-இல் அங்கு நடத்திய கடையில் இதனைத் தொடங்கினார்; பீஜிங்கின் பெயரையே சூட்ட விரும்பியும், அந்நகரம் கம்யூனிஸ்ட் ஆட்சியின் தலைநகராகிவிட்ட அக்காலத்தில் அது உசிதமன்றெனக் கருதி மங்கோலியப் பெயரை ஏற்றார். பின்னர் அமெரிக்காவில் பிரசித்தி பெற்ற இம்முறை, அமெரிக்க உணவகமொன்றின் கிளை வாயிலாக 2005-இல்தான் மங்கோலியத் தலைநகரான உலான்பாத்தரை அடைந்தது.

இதன் ருசிக்கு ஆதாரம் கல்லின் உக்கிரமான சூடு. கிண்ணத்தை அளவுக்கு மீறி நிரப்பினாலும், சாஸை மிகுதியாக ஊற்றினாலும் சூடு தணிந்து, பதார்த்தம் வறுபடாமல் வெந்து குழைந்துவிடும். ஆகவே மிதமாக நிரப்புவதே உத்தமம்.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, இடுக்கிக் குமுளி முதலிய எல்லைப் பிரதேசத் தமிழருக்கு இக்காட்சி அந்நியமன்று; முட்டையா, கோழியா, காரம் எவ்வளவு என்று கேட்டறிந்து, எதிரிலேயே கல்லில் கொத்தித் தரும் கொத்துப் பரோட்டா, வம்சத் தொடர்பு ஏதுமின்றியே இதனோடு ஒப்பிடத்தக்கது. இரண்டிலும் ஒரே கல்லில் மாமிசமும் புரளுவதால், சைவ விரதமுடையோர் தனிச் சட்டியில் சமைத்துத் தருமாறு முன்னதாகவே சொல்லிவிடுதல் அவசியம்.