வேட்டைத் தோட்டாவும் புகையில்லா மருந்தும்

ஒருமுறை சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல் எடுத்துவைத்து, அதில் புதிய கேப்பு, மருந்து, குண்டு ஆகியவற்றைக் கையாலேயே பொருத்தி மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்துவருகிறது. தோட்டாவின் நான்கு உறுப்புகளில் கூடு, கேப்பு, குண்டு ஆகிய மூன்றையும் கண்ணால் பார்த்தே ஓரளவு இனம் காணலாம். மருந்து அப்படியல்ல. சாம்பல் நிறச் சிறு குச்சிகளாக ஒரே தோற்றத்தில் இருக்கும் இரண்டு மருந்துகளை ஒரே எடையில் இட்டாலும், ஒன்று குண்டை ஒழுங்காகச் செலுத்தும். மற்றது துப்பாக்கியை உடைத்துவிடக்கூடும். வேட்டை ரைபிளுக்கு மருந்தைத் தேர்ந்தெடுப்பது எப்போது, எதனால் இவ்வளவு கவனம் தேவைப்படும் காரியமாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கருமருந்துக் காலம்

வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கருமருந்து மட்டுமே இருந்தவரை தேர்வு என்ற பேச்சுக்கு இடம் குறைவு. பருமனான பரல் மெதுவாகவும் நுண்ணிய பரல் விரைவாகவும் எரியும். ஆகவே பெரிய துளையுள்ள துப்பாக்கிக்குப் பரும்பரல், கைத்துப்பாக்கிக்கு நுண்பரல் என்ற அளவில் தேர்வு முடிந்துவிடும். அளப்பதும் எளிது. ஒரு சிறு கரண்டியால் அள்ளி, கூடு நிறையும் அளவுக்குக் கொட்டினால் போதும். கூடு கொள்ளும் அளவே ஏறத்தாழ சரியான அளவாகவும் இருந்தது.

அன்றைய தோட்டாக்களின் பெயர்களே இதைக் காட்டுகின்றன. 1873இல் அமெரிக்கப் படை ஏற்ற .45-70 என்ற தோட்டாவில் 45 என்பது குழல் துளையின் அளவு, அதாவது அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு. 70 என்பது கருமருந்தின் எடை, கிரெய்ன் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். மருந்து ஒரே வகையாக இருந்ததால் எடையைச் சொன்னாலே தோட்டாவின் வலிமை விளங்கிற்று.

புகை மறைந்தது

1884இல் பிரான்சின் பால் வியேய் நைட்ரோசெல்லுலோசை ஈதர், ஆல்கஹால் கலவையில் கூழாக்கி, தகடாக்கி, நறுக்கி உலர்த்திப் புதிய மருந்தைச் செய்தார். வெடிபஞ்சு என்னும் அந்தப் பொருள் அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டதுதான். ஆனால் பஞ்சாகவே இட்டபோது அது கட்டுக்கடங்காமல் வெடித்தது. கூழாக்கிக் கெட்டிப்படுத்தியதும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக எரிந்தது. இந்த மருந்துடன் 1886இல் பிரெஞ்சுப் படைக்கு 8 மி.மீ. லெபெல் ரைபிள் வந்தது. 1887இல் ஆல்ஃபிரட் நோபெல் பாலிஸ்டைட்டையும், 1889இல் பிரிட்டனின் ஃபிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் இருவரும் கார்டைட்டையும் உருவாக்கினர். கார்டைட் தம்முடையதன் நகலே என்று நோபெல் வழக்குத் தொடுத்துத் தோற்றது தனிக் கதை.

'புகையில்லா' என்ற சொல் இந்த மாற்றத்தின் சிறு பகுதியையே சொல்கிறது. கருமருந்து எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பெரிதாகச் சார்ந்ததன்று. புகையில்லா மருந்தோ அழுத்தம் ஏற ஏற மேலும் விரைந்து எரியும்; விரைந்து எரிவதால் அழுத்தம் மேலும் ஏறும். அளவு சிறிது மிகுந்தாலும் விளைவு பன்மடங்காகும். பழைய கரண்டியால் புதிய மருந்தைக் கூடு நிறைய அள்ளிப்போட்டவர்களின் துப்பாக்கிகள் வெடித்தன. இதைத் தவிர்க்கவே, கருமருந்தின் அதே கொள்ளளவுக்கு அதே வலிமை தரும் இலேசான மருந்துகளைச் சிலர் செய்து விற்றனர். அடர்ந்த மருந்துகளுக்கு இது பொருந்தாது; அவற்றைத் தராசில் நிறுத்தே ஆகவேண்டும். அமெரிக்க ரவைத் தோட்டாப் பெட்டிகளில் 'இத்தனை டிராம் கருமருந்துக்கு இணை' என்ற குறிப்பு நெடுங்காலம் நீடித்தது. பெட்டிக்குள் அத்தனை டிராம் மருந்து எதுவும் இராது.

தோட்டாவின் பெயரிலும் இக்குழப்பம் தெரிகிறது. 1895இல் வின்செஸ்டர் நிறுவனம் 1894ஆம் ஆண்டு மாதிரி ரைபிளுக்காக வெளியிட்ட சிறுதுளைத் தோட்டா .30-30 என்றே வழங்கலாயிற்று. இரண்டாவது 30 என்பது புகையில்லா மருந்தின் எடை. புதிய மருந்து வகைகள் வந்ததும் அந்த எண் பொருளிழந்தது. 1906இல் படைக்கு வந்த .30-06இல் 06 என்பது ஆண்டைக் குறிக்கிறதே தவிர மருந்தின் எடையையன்று. மருந்தின் எடையைப் பெயரில் எழுதும் காலம் முடிந்துவிட்டது.

வெயிலும் கார்டைட்டும்

1898இல் லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டது. அதில் 70 கிரெய்ன் கார்டைட் 480 கிரெய்ன் குண்டைச் செலுத்தியது. யானை, காட்டெருமை வேட்டைக்கு இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இத்தகைய ரைபிள்கள் வந்தன. கார்டைட்டின் குறை இங்கேதான் வெளிப்பட்டது. மருந்து சூடேறினால் அழுத்தம் கூடும். இங்கிலாந்தின் குளிரில் சரியாக இருந்த தோட்டா, வெயிலில் கிடந்தபின் கூடு குழலறையில் இறுகிச் சிக்கும் அளவுக்கு அழுத்தம் தரக்கூடும். எதிரே காயம்பட்ட யானை நிற்கும்போது கூடு வெளிவராமல் போவது எத்தகைய நிலை என்று சொல்லவேண்டியதில்லை. ஆகவே பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் கூட்டைப் பெரிதாக வைத்து அழுத்தத்தைக் குறைவாகவே பேணினர். சில தோட்டாக்களுக்கு வெப்ப நாடுகளுக்கென்றே மருந்தைக் குறைத்துத் தனியாக நிரப்பினர்.

கார்டைட் நீண்ட இழைகளாக இருந்தது. .303 தோட்டாவில் இழைக்கட்டை உள்ளே வைத்தபின்னரே கூட்டின் கழுத்தை ஒடுக்கினர். வீட்டு மேசையில் செய்யக்கூடிய வேலை அன்று அது. கையால் நிரப்பும் வழக்கம் பிரிட்டிஷ் உலகில் அமெரிக்காவைப் போல் வேரூன்றாததற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். கார்டைட்டுக்குத் தமிழ்நாட்டோடும் தொடர்புண்டு. குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த தொழிற்சாலை அப்பெயரையே தாங்கி நிற்கிறது. நீலகிரி மலை ரயிலில் செல்பவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடந்திருப்பார்கள்.

எண்களின் காலம்

அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் நைட்ரோகிளிசரின் சேராத, நடுவில் துளையுள்ள சிறு குச்சிகளாக மருந்தைச் செய்தது. குச்சியின் மேற்பரப்பில் எரிவேகத்தைத் தடுக்கும் பூச்சு இருந்ததால் முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் எரிந்தது. 'மேம்பட்ட படை ரைபிள்' என்பதன் சுருக்கமான ஐ.எம்.ஆர். என்ற பெயருடன் 3031, 4064, 4350, 4895, 4831 என எண்கள் இடப்பட்டன. எண் பெரிதானால் மெதுவானது என்று சிலர் நினைப்பதுண்டு. அது தவறு, 4895 என்பது 4350ஐவிட விரைந்து எரிவது.

வேகத் தேர்வின் அடிப்படை எளியது. குண்டு நகர நகர அதன் பின்னால் இடம் பெருகுகிறது. அகன்ற குழலில் இடம் விரைவாகப் பெருகுவதால் விரைந்து எரியும் மருந்தைத் தாங்கும். பெரிய கூடும் குறுகிய குழலும் கனத்த குண்டும் சேர்ந்தால் இடம் மெதுவாகவே பெருகும். அங்கே விரைந்த மருந்தை இட்டால், குண்டு நகருமுன் அழுத்தம் எல்லை மீறிவிடும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க அரசிடம் மருந்து மலையாகக் குவிந்திருந்தது. கான்சஸ் மாநிலத்தில் எரிவாயு நிறுவனம் ஒன்றில் விற்பனையாளராக இருந்த புரூஸ் ஹாட்ஜன், தம் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கி 50,000 பவுண்டு 4895 மருந்தை வாங்கினார். வைக்க இடமில்லாததால் பழைய ரயில் பெட்டியொன்றை வயலில் நிறுத்திக் கிடங்காக்கினார். வேட்டைக்காரர்களிடம் அது விற்றுத் தீர்ந்தது. அடுத்து வந்தது 20 மி.மீ. பீரங்கித் தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட 4831. இது மிக மெதுவானது. .270 வின்செஸ்டர் போன்ற பெரிய கூடும் குறுகிய துளையும் கொண்ட வேட்டைத் தோட்டாக்களுக்கு வாய்ப்பாகப் பொருந்திற்று. 'அவுட்டோர் லைஃப்' இதழின் துப்பாக்கிப் பகுதி ஆசிரியர் ஜாக் ஓ'கானர் இதைப் புகழ்ந்து எழுதியதால் மேலும் பரவிற்று.

சிக்கல் 1973இல் வந்தது. டூபான்ட் தானே 4831 என்ற பெயரில் ஒரு மருந்தை வெளியிட்டது. எண் ஒன்றே, ஆனால் ஹாட்ஜன் விற்ற 4831ஐவிட இது சற்று விரைந்து எரிந்தது. ஹாட்ஜனின் 4831க்கு எழுதிய பெரும அளவை டூபான்டின் 4831க்கு இட்டால் அழுத்தம் பாதுகாப்பு எல்லையைத் தாண்டும். வேட்டைக்காரரின் பழைய குறிப்பேட்டில் வெறும் '4831' என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்த 4831 என்று யாருக்குத் தெரியும்? இன்றைய கையேடுகள் ஐ.எம்.ஆர். 4831 என்றும் எச் 4831 என்றும் தனித்தனிப் பட்டியல் இடுவதும், பெரும அளவிலிருந்து குறைத்தே தொடங்கச் சொல்வதும் இதனால்தான். ஒரே கலனில் இரண்டு மருந்துகளை ஊற்றுவதும், பெயர்ச்சீட்டு இல்லாத கலனிலிருந்து எடுப்பதும் கூடாதென்ற விதிகளும் இதே அச்சத்தில் பிறந்தவை.

2003இல் ஹாட்ஜன் நிறுவனம் ஐ.எம்.ஆர். பெயரையும் வாங்கிவிட்டது. இப்போது இரண்டு 4831களையும் விற்பது ஒரே நிறுவனம். அவற்றுள் எச் 4831, வெப்பநிலை மாறினாலும் எரிவேகம் அதிகம் மாறாத வகையாக ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஊரில் செய்யப்பட்டு வருகிறது.