சக்கரத்திலிருந்து தொடங்கிய குட்டி யானை

இந்த எபிசோட் ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தில் ஆரம்பிக்கிறது. விட்டம் 27 மில்லிமீட்டர்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, மெயின்கார்டு கேட் வழியா என்.எஸ்.பி. ரோடு பக்கம் நடந்தீங்கன்னா, துணிக்கடைகளுக்கு நடுவே பொம்மை பரப்பி வைத்திருப்பார்கள். போன தீபாவளிக்கு முன்னால் அங்கே உட்கார்ந்து, பையிலிருந்து வெர்னியர் காலிபரை எடுத்து, ஒவ்வொரு லாரி பொம்மையின் சக்கரத்தையும் அளந்துகொண்டிருந்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, பொம்மை வாங்க வந்தியா, இல்ல நகை மதிப்பு போட வந்தியா?" என்றார். ஒன்பதாவதோ பத்தாவதோ பொம்மையில் 27 கிடைத்தது. அதே பொம்மையில் இரண்டு வாங்கினேன். வீட்டுக்குப் போகும் வழியிலேயே சக்கரங்களைக் கழற்றிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தை என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

எதுக்கு இதெல்லாம்? அப்பாவிடம் ஒரு டாடா ஏஸ் இருந்தது. நம்ம ஊர்ல குட்டி யானை. 2007இல் தவணைக்கு எடுத்த வண்டி. காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார், ஸ்ரீரங்கத்துக்குப் பூ மூட்டை, ஆடி மாசம்னா வீடு மாத்துறவங்க யாரும் கூப்பிட மாட்டாங்கங்கிற கவலை, இதுதான் எங்க வீட்டுப் பொருளாதாரம். நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது மூன்று தவணை நின்றது. ஒருநாள் காலையில் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதுக்கப்புறம் அப்பா அந்த வண்டியைப் பற்றிப் பேசியதே இல்லை. எங்களிடம் மிச்சம் இருப்பது இரண்டு ஃபோட்டோ. ஒன்று ஆயுதபூஜைக்கு மாலை போட்டு எடுத்தது.

அந்த வண்டியை மாடலாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியபோது, யாராவது ஏற்கெனவே கிட் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு பெட்டி, உள்ளே பாகங்கள் கோத்த பிளாஸ்டிக் சட்டங்கள், வெட்டி ஒட்டினால் வண்டி. குட்டி யானை பொம்மை கிடைக்கிறது. ஆனால் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டுகிற கிட், நான் தேடின எந்தக் கடையிலும் இல்லை. அமெரிக்க பிக்கப் வேண்டுமா? ஃபோர்டு, செவ்ரோலே, எந்த வருஷ மாடல் வேணும்னு அவங்களே கேட்பாங்க.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அமெரிக்காவில் ஏ.எம்.டி. என்று ஒரு கம்பெனி, 1948இல் தொடங்கியது. அவர்கள் முதலில் செய்தது குழந்தைகளுக்கான பொம்மை இல்லை. கார் ஷோரூமுக்கு வருகிறவர்களிடம் காட்டவும் கொடுக்கவும் புது காரின் சின்ன நகல்கள். 1958இல் அதையே பிரித்து, கிட்டாக விற்கத் தொடங்கினார்கள். ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம்: கடையிலிருந்து வந்தபடி, மாற்றியமைத்தபடி, ரேஸ் வண்டியாக. அதனால் பெட்டிக்குப் பெட்டி பாகங்கள் மிச்சமாகும். இந்த கிட்டின் சக்கரத்தை அந்த கிட்டின் வண்டிக்குப் போடுகிற பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது. 1968இல் ஹாட் வீல்ஸ் வந்தபோது முதல் 16 வண்டிகளில் ஒன்று 'கஸ்டம் ஃப்ளீட்சைடு' என்கிற பிக்கப். 1981இல் ஜப்பானின் டமியா, டொயோட்டா பிக்கப்பை மூன்று கியர் வேலை செய்கிற மாதிரி, 1க்கு 10 அளவில் ரிமோட் வண்டியாகவே கொண்டுவந்தது. அதாவது, எந்த ஊரில் வண்டி கம்பெனியும் பொம்மை கம்பெனியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததோ, அந்த ஊர் வண்டிகளுக்கு கிட் இருக்கிறது. வாழைத்தார் ஏற்றுகிற வண்டியை ஷோகேஸில் வைக்க யார் காசு கொடுப்பார்கள் என்று இங்கே யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

சரி, வெளிநாட்டு கிட்டை வாங்கி, அதன் பாகங்களை எடுத்துக்கொள்ளலாமே? அதையும் பார்த்தேன். நம் சுங்கப் பட்டியலில் அளவு மாடல்களும் பொம்மைகளும் ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மை மீதான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. உள்ளூர் பொம்மைத் தொழிலுக்கு அது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் நாலு சக்கரத்துக்காக ஒரு பெட்டியை வரவழைப்பவனுக்கு, வரி கட்டி முடிக்கும்போது நிஜ டயர் ஒன்று வாங்கியிருக்கலாம்னு தோணும்.

இங்கேதான் டமியாவின் கதை ஒன்று கைகொடுத்தது. ராணுவ வண்டி மாடல் கட்டுகிறவர்களுக்கு 1க்கு 35 என்றால் கிட்டத்தட்ட வேதம். ஏன் 35? 30 இல்லை, 40 இல்லை? 1960களின் தொடக்கத்தில் டமியா ஒரு பாந்தர் டாங்கி செய்தது. உள்ளே மோட்டாரும் இரண்டு பேட்டரியும் உட்கார வேண்டும். பேட்டரிக்கு இடம் விட்டு உடம்பை வரைந்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 35இல் ஒரு பங்கு. அவ்வளவுதான். கையில் கிடைத்த பேட்டரி தீர்மானித்த அளவு உலகத்துக்கே அளவுகோலாகிவிட்டது.

அப்போ நானும் கையில் கிடைத்த சக்கரத்திலிருந்து தொடங்கலாம் இல்லையா? ஏஸின் டயர் 145 ஆர் 12. விட்டம் சுமார் 54 சென்டிமீட்டர். அதை 24இல் ஒரு பங்காக்கினால் 22.5 மில்லிமீட்டர். கடைத்தெரு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. 18இல் ஒரு பங்கென்றால் 30. தண்ணி பாட்டில் மூடி ஏறக்குறைய அந்த அளவு வரும், ஆனால் மூடி மூடி மாதிரியேதான் இருக்கும். 27 கிடைத்தது. 540ஐ 27ஆல் வகுத்தால் 20. ஆக, என் வண்டி 1க்கு 20. நிஜ வண்டியின் நீளம் 3,800 மில்லிமீட்டர், மாடலில் 190. அகலம் 1,500, மாடலில் 75. முன் பின் அச்சுகளுக்கு இடைவெளி 2,100, மாடலில் 105. ஒரு தசமப் புள்ளிகூட இல்லை. இவ்வளவு அழகா ஒரு கணக்கு எனக்கு காலேஜ்ல வந்ததே இல்லை.

மற்ற பாகங்களுக்கு ஊரையே கடையாக்கினேன். உடம்புக்கு, ஆர்க்கிடெக்சர் பசங்க மாடல் செய்ய வாங்குகிற சன்போர்டு. அச்சுக்குக் குடைக்கம்பி. அது சுற்றுவதற்குத் தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில் துண்டு. மாத்திரை அட்டையில் மாத்திரை இருந்த குமிழ் இருக்கே, அது ஹெட்லைட் கண்ணாடி. பாட்டியின் பிரஷர் மாத்திரை சரியான அளவு, சுகர் மாத்திரை கொஞ்சம் பெரிசு. தார்ப்பாய்க்குப் பழைய குடைத்துணி. சத்திரம் பக்கத்தில் லோடு வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டித் தருகிற அண்ணனிடம் போய், கண்ணாடிக்கு மேலே அக்கா பெயர் வேணும், ஆனால் எழுத்து அஞ்சு மில்லிமீட்டர் உயரம்தான் என்றேன். மெஷினில் வெட்டினால் 'க'வின் வயிறு பிய்ந்து வந்தது. மூன்று முறை முயன்றுவிட்டு, பிளேடை எடுத்து அவரே கையால் வெட்டினார். காசு வாங்கவில்லை. அப்பாவின் வண்டிக்கும் அவரே வெட்டியிருக்கலாம். கேட்டேன், "எத்தனை வண்டிக்கு வெட்டிருப்பேன் தம்பி, எங்க ஞாபகம் இருக்கும்" என்றார்.

இது ஏழைகளின் குறுக்குவழி, நிஜ மாடலிங் இல்லை என்று எனக்கே ஒரு கட்டத்தில் தோன்றியது. வரலாற்றைப் புரட்டினால் வேறு மாதிரி இருக்கிறது. பிரிட்டனின் டிங்கி டாய்ஸ், லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் செய்த உலோகக் கார்கள், தெரிந்திருக்கும். 1960களின் கடைசியில் அவர்களுடைய பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. அச்சின் அடியில் இருந்த டிங்கி என்ற பெயரை அழித்துவிட்டு, 'நிக்கி டாய்ஸ்' என்று விற்றார்கள். எங்க வேலையில் இதை ஃபோர்க் பண்றதுன்னு சொல்வோம். இதில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. ஸ்டாண்டர்ட் அட்லஸ் என்கிற ஆங்கிலேய வேன், மெட்ராஸில் 'ஸ்டாண்டர்ட் 20' என்ற பெயரில் தயாரானது. அட்லஸ் வேனின் டிங்கி அச்சு கல்கத்தா வந்ததும், நிக்கி அதையே ஸ்டாண்டர்ட் 20 என்று விற்றது. நிஜ வண்டியும் பெயர் மாறி வந்தது, பொம்மையும் பெயர் மாறி வந்தது.

நிஜ வண்டிகளின் கதையே கிட் கதைதான். மஹிந்திரா 1947இல் தொடங்கியது பம்பாயில், பாகம் பாகமாகக் கப்பலில் வந்த வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிக் கொடுப்பதில். 1988இல் டாடாமொபைல் பிக்கப் வந்தது. அந்த அடித்தளத்தின் மேலேயே 1991இல் சியாரா, அடுத்த வருஷம் எஸ்டேட், 1994இல் சுமோ. ஒரு பெட்டியில் பல வண்டி என்கிற ஏ.எம்.டி. கணக்கு, ரோட்டில் ஓடியது.

இதில் உச்சம் குட்டி யானைதான். 2005இல் வந்தபோது விலை சுமார் இரண்டே கால் லட்சம். மூணு சக்கர லோடு ஆட்டோ வாங்குகிறவர் கொஞ்சம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நாலு சக்கரம் நிற்க வேண்டும். புதிதாக ஒரு எஞ்சினை உருவாக்கினால் அந்த விலை வராது. அதனால் இண்டிகா காரின் 1,405 சி.சி. நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்து, கிட்டத்தட்டப் பாதியாக்கினார்கள். இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். கணக்கைப் பாருங்க, சரியாப் பாதி. சுமை முக்கால் டன் என்று புத்தகத்தில் இருக்கும். காந்தி மார்க்கெட்டில் யார் அந்தப் புத்தகத்தைப் படித்தது என்பது வேறு விஷயம். இருக்கிற பொருளை வெட்டி, தேவைக்கு ஏற்ப ஒட்டி, அதை ஒரு கம்பெனி செய்தால் இன்ஜினியரிங். நான் குடைக்கம்பியை வெட்டினால் மட்டும் ஏன் அது குறுக்குவழி?

திருச்சிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. ஊட்டி மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. அவற்றுக்கு இனி ஸ்பேர் யார் அனுப்புவார்? நம் பொன்மலை பணிமனையில்தான் பாகங்களைச் செய்தார்கள். 2010களில் அதே வகையில் புது எஞ்சின்களையே கட்டிவிட்டார்கள். கடையில் ஸ்பேர் இல்லை என்பது அங்கே வேலை தொடங்குகிற இடம், முடிகிற இடம் இல்லை.

மாடல் முடிய நாலு மாசம் ஆனது. ஃபோட்டோவில் சக்கரத்தின் பிக்ஸலை எண்ணி, அதை 54 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, கேபின் உயரம், கதவு, பின் தொட்டி எல்லாவற்றையும் கணக்கிட்டேன். ஃபோட்டோ கொஞ்சம் சாய்வாக எடுத்தது, அதனால் வலப்பக்கக் கதவை இரண்டு தடவை வெட்டி எறிந்தேன். பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை பெயின்ட் அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பா முன்னால் வைத்தேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கையில் எடுத்துத் திருப்பினார். அடியில் பார்த்தார். டிரைவர்கள் எப்போதும் முதலில் அடியில்தான் பார்ப்பார்கள் போல. பிறகு சொன்னார்: "இடது கண்ணாடி இது இல்லடா."

கம்பெனி வரைபடத்தில் இருக்கிறபடிதானே செய்தேன் என்றேன்.

"வாங்குன ரெண்டாம் வருஷமே அது போச்சு. ஒரிஜினல் வெல சொன்னான், தலை சுத்துச்சு. டி.வி.எஸ். 50 கண்ணாடிய வாங்கி கட்டுக்கம்பில கட்டியிருந்தேன். ஆயுதபூஜை படத்துல மாலை மறைச்சிருக்கும்." அப்புறம் நிற்கவே இல்லை. தொட்டிப் பலகை தேய்ந்து போனதும் பழைய கட்டில் பலகையை அறுத்துப் போட்டது. ஹார்ன் ஏதோ பஸ்ஸிலிருந்து கழற்றி வந்தது. பின்னால் ஒரு பட்டை வளைந்ததும், பொன்மலை பக்கம் ஒரு பட்டறையில் வேறு வண்டியின் பட்டையைச் சுருக்கி மாட்டியது. சீட்டுக்கு அடியில் அம்மாவின் பழைய புடவை. தவணை நின்ற மாசங்களைப் பற்றியும் முதல் முறையாகப் பேசினார். அதை இங்கே சொல்லப் போவதில்லை.

நான் தேடித் தேடிக் கிடைக்காத அந்த கிட் கிடைத்திருந்தால், இது எதுவும் அதில் இருந்திருக்காது.

மறுநாள் சாயங்காலம் திரும்ப சத்திரத்தில் இறங்கினேன். டி.வி.எஸ். 50 கண்ணாடி விட்டம் 10 சென்டிமீட்டர்னு அப்பா கையாலயே அளந்து காட்டியிருந்தார். 20இல் ஒரு பங்கு, 5 மில்லிமீட்டர். சின்னக்கடைத் தெரு பக்கம் ஆரி வேலைக்குச் சாமான் விற்கிற கடையில் அந்த அளவில் வட்டக் கண்ணாடி இருந்தது. கடைக்கார அக்கா, "பிளவுஸ் எத்தனை? ரெண்டு பாக்கெட் போடட்டுமா?" என்றார்.

"ஒரே ஒரு கண்ணாடி போதும்க்கா."

"ஒண்ணு எப்படிப்பா குடுக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே, பிரிந்து கிடந்த ஒரு பாக்கெட்டிலிருந்து ரெண்டு எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஒண்ணு தொலைஞ்சா வேணுமில்ல, என்றார்.