கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள்



போன கிழமை ஒரு தாய் பாடசாலைக்கு வந்து மகளின் கணிதக் கொப்பியை எம் மேசையில் வைத்தார். கடைசிப் பக்கங்களில் ஏழு கவிதைகள். பாதியில் நின்றுபோன ஒரு கதை. "சேர், ஓ.எல். வருஷம். இந்தக் கிறுக்க விடச் சொல்லுங்க. புள்ள உங்கட பேச்சத்தான் கேக்கும்" என்றார். அன்று சரியான பதில் எம்மிடம் இருக்கவில்லை. யோசித்துப் பார்த்ததில், பதில் நமது சமூகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

கண்டியில் 1838இல் பிறந்த சித்திலெவ்வையை முஸ்லிம் கல்வியின் முன்னோடி என்று ஆண்டுதோறும் மேடைகளில் நினைவுகூருகிறோம். அவர் சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். நமது பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். அதே மனிதர்தான் 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் பலரும் கொள்வது அதைத்தான். பாடசாலை திறந்த கைதான் கதையும் எழுதியது. இதை நாம் மேடையில் சொல்வதில்லை.

ஆனால் அந்த நாவலின் நாயகன் எகிப்தில் பிறந்தவன். நமது தெருக்களும் வயல்களும் கடற்கரையும் கதைக்குள் வர இன்னும் பல காலம் எடுத்தது. கவிதை அப்படியல்ல. கிழக்கில் அது எப்போதும் நம்மோடு இருந்தது. வயலில் கவி, தொட்டிலடியில் தாலாட்டு, வீடுகளில் முனாஜாத்தும் மாலைகளும் சீறாப்புராணமும். எழுதப் படிக்கத் தெரியாத மூத்தம்மாமாருக்கும் நூறு கவி மனப்பாடமாக இருந்தது.

நமது பிள்ளைகள் பெரும்பாலும் கவிதையில் தொடங்குவதும் இதனால்தான். கவிதைக்கு ஒரு பக்கம் போதும், ஒளித்து வைக்கவும் இலகு. கதைக்கு நாட்கள் வேண்டும், தனிமை வேண்டும். அதைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமான ஊரில் ஒரு கதை வந்தால், "இது யாருட கத?" என்ற கேள்வி முதலில் வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ கதைகள் கொப்பியோடு நின்றுவிட்டன.

"கவிதை எழுதினால் படிப்புக் கெடும்" என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறோம். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமான். இளம் வயதில் அவரது கவிதை ஆர்வத்துக்குத் துணை நின்றவர் பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன். அவரும் ஓர் ஆசிரியர்தான். ஒரு தமிழ் ஆசிரியர் ஒரு முஸ்லிம் இளைஞனின் கவிதையை மதித்துப் படித்தார். நுஃமான் பின்னர் ஆசிரியரானார், பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 'அழியா நிழல்கள்' என்று காதல் கவிதைகளைத் தொகுத்த அதே மனிதர்தான் மாணவர்களுக்காக 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' எழுதினார். பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. கவிதை எந்தப் படிப்பைக் கெடுத்தது?

நமது பெண்பிள்ளைகளுக்குப் பாதை இதைவிடக் கடினமானது. ஆனாலும் சாய்ந்தமருதிலிருந்து அனார் என்ற புனைபெயரில் எழுதியவரின் முதல் தொகுப்பு 2004இல் வந்தது. 2007இல் வந்த 'எனக்குக் கவிதை முகம்' கடல் கடந்தும் வாசிக்கப்பட்டது. ஒரு பெண் எழுதியதால் அந்த ஊருக்கு எந்தக் குறையும் வரவில்லை. பெயர்தான் வந்தது.

இப்போது நமது தவறையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் கதையொன்றைக் கொண்டுவந்து காட்டினான். அவனது வாப்பாவின் தோணியைப் பற்றியது. "சோதின முடியட்டும் மகன், பிறகு பார்ப்போம்" என்றோம். சோதனை முடிந்தது. நல்ல பெறுபேறு. இன்று நல்ல தொழில். சென்ற வருடம் கண்டபோது, "இன்னும் எழுதுறியா?" என்று கேட்டோம். "அத அண்டைக்கே விட்டுட்டன் சேர்" என்று சிரித்தான். அந்தத் தோணியின் கதையை இனி யாரும் எழுதப் போவதில்லை.

அந்தத் தாயிடம் நேற்றுப் பேசினோம். கணக்குக் கொப்பியில் கணக்கு மட்டும் இருக்கட்டும், கவிதைக்கும் கதைக்கும் வேறொரு கொப்பி வாங்கிக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை பின்னேரத்தை அதற்கு விடுங்கள் என்றோம். அவர் முழுமனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கொப்பி வாங்கிவிட்டார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கொப்பியிலும் கடைசிப் பக்கங்கள் இருக்கலாம். கிழிக்கும் முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நமது ஊரைப் பற்றி நாளை யாராவது எழுதுவதென்றால், அது அங்கேதான் தொடங்கும்.