துணையாள்: ஒரு பயணச்சீட்டின் வரலாறு

இரயில்வேயின் சலுகைப் படிவத்தை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று சொன்னால் நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். கவிதையையும் நாவலையும் கட்டவிழ்த்துப் பார்க்கிற நாம் கவுண்டரில் நீட்டுகிற காகிதத்தை அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் என்னைப் போன்றவர்களின் வாழ்க்கை கதைகளில் எழுதப்பட்டதைவிடப் படிவங்களில் எழுதப்பட்டதுதான் அதிகம். ஊனமுற்றோருக்கான கட்டணச் சலுகையில் நான்கு வகையினர் உண்டு. அதில் ஒரு வகை, துணையில்லாமல் பயணம் செய்ய இயலாத மனவளர்ச்சி குன்றியோர். இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி. ஆகியவற்றில் 75 சதவீதம் குறைப்பு, இரண்டாம் ஏ.சி.யிலும் முதல் ஏ.சி.யிலும் 50 சதவீதம். கூடவே போகும் ஒருவருக்கும் அதே குறைப்பு. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் உள்ளிட்ட பலருடைய சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது தப்பித்தது. வேண்டாம்னு சொல்ல நான் வரலை. எங்களுக்கு அது பெரிய காசு.

நான் கேட்க விரும்புவது வேறு. அந்த வாக்கியத்தில் இயலாமை முழுவதும் குழந்தையின் உடம்புக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. ஒலிபெருக்கியின் இரைச்சல், எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று தெரியாத ஓட்டம், கடைசி நிமிஷத்தில் மாறும் நடைமேடை, இவற்றின் இயலாமை பற்றி அங்கே பேச்சில்லை. அடுத்து, கூடவே போகும் அந்த ஒருவர். அவருக்குப் பெயர் இல்லை, உறவு இல்லை. அவர் வெறும் துணையாள். என் மகனுக்கு இப்போது 19 வயது. இத்தனை வருஷமும் அந்தத் துணையாள் நான்தான், அவனுடைய அம்மா. இந்தச் சொல்லுக்கு முன்கதை உண்டா என்று தேடிப் போனபோது தெரியவந்தது இதுதான்: துணையாள் ஆவதற்கு முன்னால் அம்மா குற்றவாளியாக இருந்திருக்கிறாள்.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவத்தில் நிலைபெற்றது அதிலிருந்துதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். (சோவியத் மருத்துவர் குருன்யா சுகரேவா 1920களின் நடுவிலேயே இப்படிப்பட்ட குழந்தைகளை விவரித்துவிட்டார். அவர் நெடுங்காலம் மறக்கப்பட்டது வேறொரு கட்டுரைக்குரிய விஷயம்.) கேனர் இரண்டு பண்புகளை முதன்மையாகக் கண்டார். ஒன்று, தனித்திருத்தல். மற்றொன்று, எல்லாம் ஒன்றுபோலவே இருக்கவேண்டும் என்ற தீராத வேட்கை. இதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் படித்தவர்கள், உணர்ச்சி வறண்டவர்கள் என்றும் குறித்தார். 1949இல், பனி உருகாத குளிர்பெட்டியில் வைக்கப்பட்ட குழந்தைகள் என்ற பொருளில் எழுதினார். 'குளிர்பெட்டித் தாய்' என்ற சொல்லாடல் அதிலிருந்துதான் கிளைத்தது.

1967இல் புரூனோ பெத்தல்ஹைம் 'வெற்றுக் கோட்டை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். நாஜிகளின் டாஹாவ், புகன்வால்ட் முகாம்களில் அடைபட்டு மீண்டவர் அவர். முகாமில் கைதி தனக்குள் சுருங்கிப்போவதையும் இந்தக் குழந்தைகளின் ஒடுங்குதலையும் ஒப்பிட்டார். அப்படியானால் முகாம் காவலாளி யார்? அந்த இடத்தில் அம்மா வந்து நின்றாள். மருந்தும் அதே தர்க்கத்தில் கிடைத்தது: குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, சிக்காகோவில் அவர் நடத்திய உறைவிடப் பள்ளியில் வைப்பது. ஒடுக்குமுறையின் அனுபவத்திலிருந்து பிறந்த ஒரு சிந்தனையே இன்னொருத்தியை ஒடுக்கும் கருவியாக மாறியதை இங்கு நாம் கவனிக்க வேண்டும்.

அதே 1967இல் இன்னொரு புத்தகமும் வந்தது. கிளாரா கிளைபோர்ன் பார்க் என்ற அம்மா தன் மகளின் முதல் எட்டு ஆண்டுகளைப் பற்றி எழுதியது. அதன் தலைப்புக்குப் பொருள் 'முற்றுகை'. மருத்துவர் கோட்டை என்கிறார், அம்மா முற்றுகை என்கிறாள். இரண்டும் போர்மொழிதான். ஆனால் ஒருவர் வெளியே நின்று தீர்ப்புச் சொல்கிறார். மற்றவள் மதில் ஓரமாகத் தினமும் உட்கார்ந்து வழி தேடுகிறாள். இதற்கு முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாண்டு, இது வளர்ப்பின் கோளாறு அல்ல, உடலின் நரம்பு சார்ந்தது என்று 1964இல் ஒரு நூலில் வாதாடியிருந்தார். 1965இல் பெற்றோர் சேர்ந்து தேசிய அளவில் அமைப்புக் கட்டினார்கள். 1969இல் அந்த அமைப்பின் கூட்டத்துக்கு வந்த கேனர், பெற்றோர்களாகிய உங்களை விடுவிக்கிறேன் என்ற பொருளில் பேசினார். குற்றம் சாட்டியவரே நீதிபதியாக இருந்து விடுதலையும் கொடுத்தார்.

எங்க ஊர்ப்பக்கம் பெத்தல்ஹைமை யாரும் படிச்சதில்லை. ஆனா அவரோட தீர்ப்பு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துடுது. 'சொந்தத்துல கட்டுனது', 'கிரகணத்துல வெளிய போயிருப்பா', 'வேலைக்குப் போறவ, புள்ளைய டி.வி. முன்னால உக்கார வச்சிட்டா'. ரயில் பெட்டியில் என் பையன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் எதிர்சீட்டுக்காரர் அவனைப் பார்ப்பதில்லை. என்னைத்தான் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு 1949இலிருந்து ஒரு வம்சாவளி இருக்கிறது என்பது தெரிந்தபிறகு எனக்கு அவர்மேல் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கேனர் சொன்ன இரண்டாவது பண்புக்கு வருகிறேன். ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்ற வேட்கையைப் பிடிவாதம் என்றே உலகம் படித்தது. அதை வேறுமாதிரிப் படித்தவர் எரிக் ஷாப்லர். ஜெர்மனியிலிருந்து 1938இல் குடும்பத்தோடு தப்பி வந்த யூதர். சிக்காகோவில் பெத்தல்ஹைமை அருகிலிருந்து பார்த்தவர். பார்த்தே எதிர்நிலைக்குப் போனவர். 1966இல் வட கரோலினாவில் அவரும் ராபர்ட் ரைக்லரும் தொடங்கிய திட்டத்தில் பெற்றோரே கூட்டுச் சிகிச்சையாளர்கள். 1972இல் அது மாநிலம் தழுவிய அரசுத் திட்டமானது. அவர்களுடைய முறையின் மையம் எளிமையானது: அடுத்து என்ன நடக்கும் என்பதைக் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது. பேச்சு காற்றில் போய்விடும், படம் நிற்கும். குளியல், சாப்பாடு, பஸ், பள்ளி என்று வரிசையாகப் படங்கள். முடிந்ததைக் கழற்றி வைக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது அவனுக்குக் கஷ்டமாக இருப்பது மாற்றத்தை வெறுப்பதால் அல்ல, மாற்றம் சொல்லாமல் வருவதால்.

சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு கால அட்டவணை. இங்கேதான் ரயில் மறுபடியும் வருகிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. ஊருக்கு ஊர் ஒரு மணி இருந்த நாட்டில் ரயில்களுக்கு ஒரே நேரம் தேவைப்பட்டபோது, 1870 வாக்கில் சென்னை வானாய்வு நிலையத்தின் நேரமே ரயில்வே நேரமானது. இந்திய நேரம் என்ற ஒன்று 1906இல்தான் வந்தது. ஆக, சொன்ன நேரத்துக்கு, சொன்ன வரிசையில் உலகம் நடக்கவேண்டும் என்ற வேட்கை என் பையனுடைய நோய்க்குறி மட்டுமல்ல. காலனிய நவீனத்துவமே அந்த வேட்கையில்தான் தண்டவாளம் போட்டது. பேச்சு குறைவான என் பையன் மணியாச்சி, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், மதுரை என்று எழும்பூர் வரைக்கும் வரிசை தப்பாமல் சொல்லுவான். அட்டவணையை இவ்வளவு நம்பும் பயணி வேறு யாரும் அந்தப் பெட்டியில் இருக்கமாட்டார்கள். நடைமேடை மாறும்போது மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு பெட்டியைத் தூக்குகிறார்கள். அவனுக்கோ கொடுத்த வாக்கு உடைகிறது.

நம் சிற்றிதழ் வட்டாரத்தில் ஃபூக்கோ அதிகம் பேசப்பட்டவர். பித்தின் வரலாறு பற்றிய 1961ஆம் வருட நூலில் 'பித்தர்களின் கப்பல்' என்று ஒன்றைச் சொல்வார். ஊரார் பித்தர்களைப் படகுக்காரர்களிடம் ஒப்படைத்து அனுப்பிவிட, அவர்கள் எந்தக் கரைக்கும் சொந்தமில்லாத நிரந்தரப் பயணிகளாக அலைந்தார்களாம். அப்படிக் கப்பல்கள் உண்மையில் ஓடினவா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். எங்கள் அனுபவம் அதற்குத் தலைகீழ். எங்கள் பிள்ளைகள் பயணத்தில் அடைக்கப்பட்டவர்கள் அல்ல, பயணத்திலிருந்து விலக்கப்பட்டவர்கள். கல்யாணம், கொடை, துக்கம் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒருவர் போவார், ஒருவர் தங்குவார். குடும்பமாகப் போவது என்பதே நின்றுபோகிறது.

உருவகமாக மட்டும் பயணம் எங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. 1987இல் எமிலி பெர்ல் கிங்ஸ்லி என்ற அமெரிக்கத் தாய் எழுதிய சிறு கட்டுரை உலகமெங்கும் பெற்றோரிடம் கொடுக்கப்படுகிறது. இத்தாலிக்குக் கிளம்பிய நீங்கள் ஹாலந்தில் இறங்கிவிட்டீர்கள், ஹாலந்தும் அழகுதான் என்பது அதன் சாரம். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனா எனக்கு இத்தாலியும் வேண்டாம், ஹாலந்தும் வேண்டாம், திருநெல்வேலியிலிருந்து மெட்ராஸுக்கு ஒழுங்காப் போய்ச் சேர்ந்தால் போதும். ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேர் 1993இல் டொராண்டோ மாநாட்டில் பெற்றோரிடம் கேட்டதும் இந்த ஆறுதலுக்கு எதிரானது: எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வராததற்கான துக்கத்தை, வந்து நிற்கிற குழந்தையின் தலையில் வைக்காதீர்கள். நியூரோடைவர்சிட்டி என்று பின்னால் பெயர்பெற்ற இயக்கத்தின் ஆரம்பக் குரல்களில் ஒன்று அது. பெற்றோர் அமைப்புகளுக்கு அது உறைத்தது. உறைக்க வேண்டியதுதான். துணையாள் பேசப்பேச, துணை யாருக்கோ அவர் வாயடைந்து போகும் ஆபத்து என் இந்தக் கட்டுரையிலும் இருக்கிறது.

இந்தியச் சட்டத்தில் இவர்கள் நுழைந்த கதை நீளமானது. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளை அங்கீகரித்தது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது பெயர் பெற்றது. 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் வகைகளை 21 ஆக்கியபோது ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. அதன் 41ஆம் பிரிவு போக்குவரத்தைப் பேசுகிறது. வாகனம், கழிப்பறை, பயணச்சீட்டுக் கவுண்டர், சாலை என்று கட்டடமாகவும் எந்திரமாகவும் அணுகலைக் கற்பனை செய்கிறது. சாய்தளம் வேண்டும், அதற்காகப் போராடியவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால் இரைச்சலுக்கும் திடீர் மாற்றத்துக்கும் சாய்தளம் எது?

சட்டத்துக்கும் நுழைவாயிலுக்கும் இடையிலான தூரத்தை இரண்டு சம்பவங்கள் காட்டுகின்றன. பெருமூளை வாதம் உள்ள செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ் 2012இல் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 2022 மே மாதம் ராஞ்சியில், பதற்றத்தில் இருந்த ஒரு சிறுவன் மற்ற பயணிகளுக்கு ஆபத்து என்று சொல்லி ஏற்ற மறுக்கப்பட்டான், பெற்றோரும் ஏறவில்லை. அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம். ஊனத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, உடல்நிலை மோசமாகலாம் என்று கருதினால் மருத்துவர் பார்த்து எழுத்துமூலம் சொல்லவேண்டும் என்று அந்த ஜூலையில் விதி திருத்தப்பட்டது. சிறுவனின் பதற்றத்துக்குப் பெயர் 'ஆபத்து' என்று சூட்டியவர் யார், எந்த அதிகாரத்தில் என்பதே இங்கு கேள்வி.

பெயர் சூட்டல் நம் மொழியிலும் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று ஒரு தொடர் புழங்குகிறது. ரயிலடியில் என் பையனைப் பார்த்தவர்கள் இந்தத் தொடரை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இன்ஜின் ஊதல், டீக்காரர் குரல், பினாயில் வாசனை, பக்கத்து சீட்டு செல்போன் பாட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் அவனுக்குள் இறங்குகிறது. புற உலகம் அவனுக்கு இல்லாமல் இல்லை, தாங்கமுடியாத அளவுக்கு இருக்கிறது. அவனைப் பற்றிய சிந்தனைதான் புற உலகத்துக்கு இல்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. முதல் நாளே நிலையத்துக்குப் போய் நடைமேடையைக் காட்டி வருவது, படம் ஒட்டிய அட்டை, காதுக்கு மூடி, கையில் பழகின ஒரு பொருள். இதெல்லாம் வீட்டில் நாங்கள் செய்வது. வெளியே செய்யவேண்டியவை: மாற்றத்தை முன்கூட்டி, எழுத்தில், தெளிவாக அறிவிப்பது, ஒதுங்கி உட்கார அமைதியான ஒரு மூலை, ஊழியர்களுக்குப் பயிற்சி. 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையம், கண்ணுக்குத் தெரியாத ஊனம் உள்ளவர்களுக்குச் சூரியகாந்தி போட்ட கழுத்துப்பட்டையை அறிமுகப்படுத்தியது. பல நாடுகளுக்குப் பரவியது. உதவிதான். இருந்தாலும் அடையாளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பிறகே பொறுமை கிடைக்கும் என்பது எனக்கு நெருடுகிறது. நம்மூரில் 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும், பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன்வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. பயிற்சி மையத்துக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிற கூலி வேலைக்காரி அம்மாவுக்கு விமான நிலையத்துக் கழுத்துப்பட்டையைவிட இது பெரிய மாற்றம்.

கடைசியாக ஒன்று. 18 வயது முடிந்ததும் பெற்றோர் இயல்பான பாதுகாவலர் அல்ல. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் சட்டப் பாதுகாவலர் ஆக முடியும். நானும் இன்னொரு படிவம் நிரப்பிவிட்டேன். இந்தப் படிவங்கள் எல்லாமே துணையாள் சாகாதவள் என்று எண்ணுகின்றன. படஅட்டை வரிசையில் குளியலுக்கும் பஸ்ஸுக்கும் படம் இருக்கிறது. அம்மா இல்லாத நாளுக்குப் படம் இல்லை. அதை நான் ஒருத்தி வரைய முடியாது. ஒரு தாய்க்குப் பதில் இன்னொரு துணையாளைத் தேடுவதல்ல தீர்வு. துணை என்பதை நிலையத்திலும் பேருந்திலும் பக்கத்து சீட்டிலும் பரவிக்கிடக்கும் ஒரு பொதுப் பழக்கமாக ஆக்குவது. அடுத்து என்ன நடக்கும் என்று எங்களுக்கு முன்னாலேயே சொல்லுங்கள் என்பது சலுகைக் கோரிக்கை அல்ல, குடியுரிமைக் கோரிக்கை. உரிமை பற்றிப் பேசுகிற தோழர்கள் தங்கள் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.