வானில் ஒரு தாதி: லிலியன் கின்கெல்லா கீல்

யுத்த வரலாறுகள் பெரும்பாலும் தளபதிகளையும் களங்களையுமே பேசுவன. காயமுற்றோர் களத்திலிருந்து எவ்வாறு அகற்றப்பட்டனர் என்பது அவற்றில் ஓரிரு வரிகளுள் அடங்கிவிடும். அவ்வரிகளுள் மறைந்து நிற்போருள் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் லிலியன் கின்கெல்லா கீல்.

1916இல் கலிபோர்னியாவின் ஆர்க்கேற்றாவிற் பிறந்த இவர், தாதியாகப் பயின்று யுனைட்டெட் விமானக் கம்பனியிற் பணிப்பெண்ணானார். இதில் விந்தையொன்றுமில்லை. 1930இல் எலன் சேர்ச் என்னும் தாதி முதல் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தது முதல், யுத்த காலம் வரை, தாதியரையே இப்பணிக்குத் தேர்வது அமெரிக்கக் கம்பனிகளின் வழக்கமாயிருந்தது.

1943இல் கீல், அன்று தரைப்படையின் ஓர் அங்கமாயிருந்த விமானப்படையிற் சேர்ந்தார். அங்கு தாதியின் தொழில் உருமாறியது. சீ-47 விமானங்கள் போர்முனைக்குத் துருப்புகளையும் தளபாடங்களையும் ஏற்றிச் சென்று, திரும்புகையிற் காயமுற்றோரைக் கொணர்ந்தன. போர்ப் பொருள்களைச் சுமந்தமையால் அவற்றிற் செஞ்சிலுவைச் சின்னத்தைப் பொறிக்க இயலாது. எதிரி அவற்றைத் தாக்குவதற்குத் தடையுமில்லை. விமானத்தினுள்ளே பொதுவாக ஒரு தாதியும் ஒரு மருத்துவ உதவியாளருமே இருப்பர், வைத்தியர் இருப்பதில்லை. குருதிப்பெருக்கைத் தடுப்பதா, பிராணவாயு அளிப்பதா, உயரத்தைக் குறைக்குமாறு விமானியிடம் கேட்பதா என்பனவற்றையெல்லாம் தாதியே தீர்மானிக்க வேண்டியிருந்தது. வைத்தியரின் கட்டளைக்குக் காத்திருப்பதே தாதியின் கடன் எனக் கருதிய காலம் அது என்பதை மறத்தலாகாது.

அந்த யுத்தத்தில் 250 பயணங்களை அவர் மேற்கொண்டார். அவற்றுள் 23 அத்திலாந்திக்கைக் கடந்தவை. யுத்தம் முடிந்ததும் மீண்டும் பயணிகள் விமானத்திற் பணிப்பெண்ணானார். சமாதானம் அவருக்கு அளித்த இடம் அதுவே.

1950இல் கொரிய யுத்தம் மூண்டபோது மறுபடியும் சேவைக்குச் சென்றார். அவ்வாண்டு டிசெம்பரில், சோசின் நீர்த்தேக்கத்தையடுத்த ஹகரு-ரியில், கடுங்குளிரில் உறைந்த நிலத்திற் சமைத்த ஓடுபாதையிலிருந்து 4,000க்கு மேற்பட்டோர் சில நாள்களுள் விமானங்களில் அகற்றப்பட்டனர். துப்பாக்கிக் காயங்களோடு உறைபனியாற் கருகிய கைகால்களும் தாதியரின் பராமரிப்புக்கு உரியனவாயின. சோசின் களத்துக்கும் பறந்த கீல், கொரியாவில் மேலும் 175 பயணங்களை முடித்தார். 1953இல் வெளிவந்த 'பிளைற் நேர்ஸ்' திரைப்படத்துக்கு அவரது அனுபவங்கள் தூண்டுதலாயின.

பதக்கங்கள் பத்தொன்பது பெற்று, அமெரிக்கப் படைச் சேவையில் மிக அதிக விருதுகள் பெற்ற பெண்களுள் ஒருவராக அவர் எண்ணப்பட்டார். 425 பயணங்களின் பின்னரும் அவரது பதவிநிலை கப்டனாகவே இருந்தது. 2005இல் கலிபோர்னியாவிற் காலமானார்.