பெயரில் உள்ள உரிமை

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியில் அக்குறணையைக் கடந்ததும் அலவத்துகொட வருகிறது. இத்தகைய ஊர்களின் பெயர்ப்பலகைகளில் ‘கூட்டுறவு’ என்ற சொல்லைக் கண்டு பழகிய நாம், அச்சொல்லுக்குச் சட்டம் ஏன் காவல் நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இலங்கையின் முதலாவது கூட்டுறவுச் சங்கம் 1906இல் இதே கண்டி மாவட்டத்தின் தெல்தெனியவில் தோன்றியது. அதற்கான சட்டமோ 1911இல்தான் வந்தது. மக்கள் முதலிற் கூடினர். சட்டம் பின்னரே அவர்களை அங்கீகரித்தது. பெயர்க்காவலை அண்டை இந்தியாவின் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெளிவாகக் காணலாம். பதிவு பெற்ற சங்கமன்றி வேறெவரும், அரசின் அனுமதியின்றி, ‘கூட்டுறவு’ என்ற சொல்லைப் பெயரிற் சேர்த்து வாணிபம் செய்தலாகாது. வரையறுத்த பொறுப்புடைய சங்கத்தின் பெயர் ‘லிமிடெட்’ என்றே முடிதல் வேண்டும். முன்னது ஏழையின் நம்பிக்கையை வணிகர் களவாடாமற் காத்தது. பின்னது கடன் கொடுப்போருக்கு உறுப்பினர் பொறுப்பின் எல்லையை உணர்த்தியது.

மின்சாரம் வந்தபோது இவ்விதி மேலும் நுணுக்கமடைந்தது. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே மின்வசதி இருந்தது. இலாபம் போதாதென்று தனியார் கம்பனிகள் கிராமங்களைப் புறக்கணித்தன. உழவர் தாமே சங்கம் அமைத்தனர். 1937இல் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டத்தைத் தழுவிய புளோரிடா முதலிய மாநிலங்கள், அச்சங்கங்களின் பெயரில் ‘மின்’, ‘கூட்டுறவு’ என்ற இரு சொற்களும் இடம்பெற வேண்டுமென விதித்தன. மின்கம்பியின் உடைமையாளர் யாரென்பதைப் பெயரே பறைசாற்றியது.

நம் மலைநாட்டிலோ கதை வேறு. 1990களில், மின்சார சபையின் கம்பி எட்டாத சிற்றூர்களில், மக்கள் ஓடையை மறித்து, சிரமதானமாக வாய்க்கால் வெட்டி, சிறு நீர்மின் நிலையங்களை நிறுவினர். 1997 முதல் உலக வங்கியின் திட்டமொன்றும் அவற்றுக்குக் கைகொடுத்தது. அவர்களின் அமைப்புகள் பெற்ற பெயர் ‘மின் நுகர்வோர் சங்கம்’! மின்னை ஆக்கியவர்கள் அவர்கள்; பங்கிட்டவர்களும் அவர்களே. பெயர் மட்டும் அவர்களை வெறும் நுகர்வோராக்கிற்று. பின்னர் தேசிய மின்வலை வந்து சேர்ந்த பல இடங்களில் அந்நிலையங்கள் கைவிடப்பட்டன.

பெயரொன்றே இதற்குக் காரணமென நாம் கூறவில்லை. ஆயினும், உழைத்து உருவாக்கியவனை உடைமையாளன் என்று அழைக்கத் தயங்கும் சமுதாயம், அவனது உடைமை அழியும்போதும் மௌனமாகவே நிற்கும். ஆதலால், பெயர்ப்பலகையில் எழுதப்படும் சொல்லை நாம் அற்பமெனக் கருதலாகாது.