பட்டிக்குக் காவலும் பகையும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் வரிசையிலும் போர்களின் பட்டியலிலும் மட்டுமே தேடுவோர், அந்நாட்டு மக்களோடு உண்டு உறங்கிய உயிர்களின் வரலாற்றைக் காணத் தவறிவிடுகின்றனர். கொங்கு நாட்டின் கதையைச் சொல்லப் புகுவோர் காங்கேயம் காளையைச் சொல்வர், செம்மறியைச் சொல்வர், அவற்றைக் காத்து நின்ற நாயைச் சொல்வோர் அரியர். இன்று அந்த நாயே அவ்வட்டாரத்தின் துயராக மாறியிருக்கும் நிலையில், அதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது குண்டடம். முன்னர்க் கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின்னர் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்ட பெரியார் மாவட்டத்திலும் இருந்த இவ்வட்டாரம், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வடக்கே பனியன் தொழில் பெருகி நிற்க, குண்டடத்தைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தார் பலர் இன்னும் ஆடுமாடுகளையே நம்பி வாழ்கின்றனர். மழை குறைந்த இப்பூமியில் உழவர்கள் கண்ட அருமையான ஏற்பாடு கொறங்காடு. கிளுவை முள்வேலியால் நாற்புறமும் அடைத்த அக்காட்டில் கொழுக்கட்டைப் புல் வளர்ந்திருக்கும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். ஆடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால், உடன் நிற்க ஆள் இல்லாமலே அவை மேய்ந்துகொள்ளும்.

வேலியை நம்பியிருந்த அந்த அமைதி இப்போது குலைந்துவிட்டது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறும் செய்தி, அண்மை ஆண்டுகளில் அடிக்கடி வரும் செய்தியாகிவிட்டது. இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடினர். வங்கியில் பணம் சேர்க்க வழியில்லாத குடும்பத்துக்குப் பத்து ஆடுகளே சேமிப்பு. மகள் திருமணமும் மகன் படிப்பும் அந்தப் பட்டிக்குள்தான் நிற்கின்றன. ஓர் இரவில் அவை அழிந்துபோனால் அக்குடும்பத்தின் கோபத்தை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் நாய் என்றுமே பட்டிக்குப் பகையாக இருந்ததில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் நாட்டப்பெற்ற நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுத்த கல் அது. அவ்வீரனின் காலருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர் என்றும், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அக்கல்லெழுத்து கூறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த சமுதாயம் இது. குண்டடத்திலேயே பைரவர் கோயில் ஒன்று புகழ்பெற்று விளங்குகிறது. நம் அண்டை வீட்டாரின் சமய மரபில் பைரவருக்கு நாயே ஊர்தி.

இத்தகைய நாட்டில் நாய் எப்போது வேண்டாப் பொருளாயிற்று? 1860-ஆம் ஆண்டு இக்கேள்விக்கு ஒரு விடை தருகிறது. லண்டன் மாநகரில் மேரி டீல்பி என்னும் அம்மையார், தெருவில் பசியால் வாடிய நாய்களுக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கியது அவ்வாண்டில்தான். 1871-இல் பேட்டர்சீ என்னுமிடத்துக்கு மாறிய அவ்வில்லம், நாய்களைப் புதிய குடும்பங்களிடம் ஒப்படைக்கும் பணியை இன்றும் செய்து வருகிறது. அதே 1860-இல், அதே பிரிட்டிஷ் முடியின் கீழிருந்த சென்னையில், தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் ஏற்பாடு தொடங்கியதாகப் புளூ கிராஸ் அமைப்பினர் எழுதியிருக்கின்றனர். ஆட்சி ஒன்று, ஆண்டும் ஒன்று, வழிகளோ இரண்டு!

கொல்லும் வழி சென்னைக்கு மட்டும் உரியதன்று. 1832-இல் பம்பாயில் நாய்களைக் கொல்ல வெள்ளையர் ஆட்சி முனைந்தபோது பார்சி மக்கள் கொதித்தெழுந்து கலகம் செய்தனர். இஸ்லாமிய உலகின் தலைநகராக விளங்கிய இஸ்தான்புல்லில், நாய்கள் தெருவுக்குத் தெரு மக்களின் ஆதரவில் நெடுங்காலம் வாழ்ந்தன. 1910-இல் நகரைப் புதுமையாக்க எண்ணிய ஆட்சியாளர், பல்லாயிரக்கணக்கான நாய்களைப் பிடித்து மர்மரா கடலில் உள்ள நீரற்ற தீவொன்றில் விட்டனர். பசியாலும் தாகத்தாலும் அவை மாண்ட கொடுமையை அந்நகரத்தார் இன்றும் மறக்கவில்லை. ஆனால் இஸ்தான்புல்லில் நாய்கள் அத்தோடு ஒழிந்துவிடவும் இல்லை.

இதற்காக அச்சத்தைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பார் இல்லை என்னும் அளவுக்குக் கொடியது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதற்குப் பலியாகின்றனர் என்றும், மனிதருக்கு இந்நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்களாலேயே என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 1885-இல் பிரான்சின் லூயி பாஸ்டர் தடுப்பூசி கண்டார். நம் பக்கத்தில் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளைச் சென்ற தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வகை மருந்து நாட்டில் கைவிடப்பட்டு, இப்போது கையில் சில ஊசிகளோடு முடிகிறது. கடிபட்டவுடன் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் புண்ணைக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கும் நாம் சொல்லி வைக்க வேண்டும்.

ஆயினும், கொல்வதனால் நோய் ஒழிந்ததா? சென்னையில் 1995 வாக்கில் நாளொன்றுக்கு 135 நாய்கள் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டன என்கிறது புளூ கிராஸ். நூறாண்டுகளுக்கு மேல் கொன்றும் நாயும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. ஓரிடத்து நாய்கள் மறைந்தால், அங்குக் கிடக்கும் உணவைத் தேடி வேறிடத்து நாய்கள் வந்து சேரும். எஞ்சியவை மேலும் குட்டிகளை ஈனும். கொலை பயன் தராது என்பதை 1990-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் எடுத்துரைத்தது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பதே அறிவியல் கண்ட முடிவு.

அவ்வழியைத் தமிழகத்தில் வற்புறுத்தியவர் விமானி கேப்டன் வி. சுந்தரம். 1959-இல் சென்னையில் கொட்டிய மழையில், வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை அவர் எடுத்துவந்து தம் வீட்டில் வளர்த்தார். அந்த வீடே புளூ கிராஸ் அமைப்பின் முதல் புகலிடமாயிற்று. 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்கு வித்திட்டவர் மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல். கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் திட்டத்தை அறுபதுகளிலேயே புளூ கிராஸ் முன்வைத்தது. முப்பதாண்டுகள் கழித்து, 1996-இல் சென்னை அதனை ஏற்றது. 2001-இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. 2023-இல் அவை திருத்தி அமைக்கப்பட்டன. 2025 ஆகஸ்டு 22-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஆணை, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றது. அவ்வாறு எடுத்த நாய் மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது அவர்தம் பொறுப்பு என்றும் விதித்தது.

இங்கே நம் வாசகக் குடும்பங்களில் ஒரு தயக்கம் எழும். வீட்டுக்குள் நாயை வைத்துக் கொஞ்சுவதை நம் மார்க்கம் விரும்பவில்லை. நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபினர் நன்கறிந்த சட்டம். ஹனஃபீ அறிஞர்கள் எச்சிலை அசுத்தம் என்றனர். மாலிகீ அறிஞர்கள் வேறு விளக்கம் தந்தனர். இச்சட்டங்களை நாம் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் தூய்மையைப் பற்றிய சட்டத்தை இரக்கமின்மைக்கான அனுமதியாக எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. கால்நடைக் காவலுக்கும், வயற்காவலுக்கும், வேட்டைக்கும் நாய் வளர்ப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு தந்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட செய்தியை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண் தண்டனைக்கு ஆளானதையும் கேட்டிருக்கிறோம். திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில், குகைத் தோழர்களின் வாயிலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த அந்த நாயை எந்த முஸ்லிம் மறப்பான்?

தத்தெடுத்தல் என்னும் சொல்லைவிடப் பொறுப்பேற்றல் என்னும் சொல்லே நமக்கு இணக்கமானது. அநாதைக் குழந்தையின் வமிசத்தை மாற்றாமல் அதன் பொறுப்பை ஏற்பதைக் கஃபாலா என்கிறோம். தெருவில் திரியும் நாய்க்கு இல்லாதது கொஞ்சும் கையன்று. அதற்காகப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர். காவலுக்கென்று வாங்கிய நாயை வீடு மாறும்போது விட்டுச் செல்வதும், பெண் குட்டிகளைச் சாலையோரம் போட்டுவிடுவதும், இறைச்சிக் கழிவை ஊருக்கு வெளியே கொட்டுவதும் சேர்ந்தே அக்கூட்டத்தை வளர்த்தன. இறைச்சி வாணிகத்தில் நம்மவர் பலர் இருக்கின்றனர். குர்பானி நாட்களில் கழிவு பெருகுவதும் உண்மை. அவற்றை ஆழப் புதைப்பது பட்டிகளைக் காக்கும் முதல் வேலி.

குட்டியின் பொறுப்பை ஏற்பது கடினமான காரியமன்று. நிலையான இடம் கிடைக்கும் வரை சில வாரங்கள் மட்டும் தோட்டத்திலோ புறக்கடையிலோ வைத்துப் பேணுவதும் ஒரு தொண்டே. தாய்ப்பால் மறக்கும் வரை, ஏறக்குறைய எட்டு வாரம், குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. எடுத்தவுடன் மற்ற நாய்களோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வைத்து, பூச்சி மருந்து கொடுத்து, பார்வோ முதலிய நோய்களுக்கு ஊசி போட வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. ஆறாம் மாத அளவில், கால்நடை மருத்துவரைக் கலந்து, கருத்தடை. இவ்வளவையும் முடித்துத் தகுந்த ஒருவரிடம் ஒப்படைத்தால் ஒரு காவலாளி உருவாகிறான்.

பட்டி வைத்திருப்போர் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ மூன்று மாதம் வரையில் குட்டி எவற்றோடு பழகுகிறதோ, அவற்றைத் தன் இனமாகக் கருதும். அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர், உயர்ந்த சாதி நாய்களைத் தேடாமல், சாதாரணக் கலப்பினக் குட்டிகளையே ஆடுகளோடு பட்டியில் வளர்த்து, ஓநாயினத்தைச் சேர்ந்த கொயோட் விலங்கிடமிருந்து மந்தையைக் காத்துக்கொண்டனர். அங்கே பட்டிக்குள் வளர்ந்த குட்டி பட்டியைக் காத்தது. இங்கே குப்பைமேட்டில் எறியப்பட்ட குட்டி பட்டியை அழிக்கிறது. இனம் ஒன்றே, வளர்ப்புத்தான் வேறு. பாய்ந்து கடிக்கப் பழகிவிட்ட முதிய நாயை இவ்வாறு திருத்த முடியும் என்று நாம் சொல்லவில்லை. அதைப் பிடித்து அடைப்பது உள்ளாட்சியின் கடமை. இழப்பீடு தருவது அரசின் கடமை. இனி பிறக்கும் குட்டிகளோ ஊராரின் பொறுப்பு.

எருமை மந்தைக்காக நின்ற கோவிவனுக்குப் பெயர் வைத்தவர் ஒருவர் இருந்தார். சோறு இட்டவர் ஒருவர் இருந்தார். அதனால்தான் அது காத்து நின்றது. கொங்கு நாட்டுச் சாலையோரங்களில் இன்று அலையும் குட்டிகளுக்கு அந்த ஒருவர் இல்லை. கொறங்காட்டு ஆடு பிழைப்பதும், பள்ளி செல்லும் குழந்தை அச்சமின்றி நடப்பதும், அந்த ஒருவர் ஊருக்கு ஊர் முன்வருவதைப் பொறுத்தே அமையும். வாயில்லா உயிர்கள் விஷயத்தில் இறைவனுக்கு அஞ்சி நடக்க வேண்டும் என்று கற்ற குடும்பங்களிலிருந்து சிலரேனும் அப்பொறுப்புக்கு முன்வருவார்கள் என்று நாம் நம்புகிறோம்.